பச்சை தெரியுதா?

மிட்டாய் ஆலையில் அவளுக்கு ஈரத்துணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்பார்கள். அவள் தலை மறைந்ததும் ஈரத்துணி. ஆலையைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. தலைவலி என்று ஒருத்தி வந்து நின்றால்கூட, "முதல்ல ஈரத்துணி வச்சுத் துடைச்சியா, அதைச் சொல்லு" என்பாள். அப்படி ஒரு வாய்.

அந்த ஆலையில் சர்க்கரையை அரைத்துப் பவுடராக்கும் அறை ஒன்று உண்டு. சர்க்கரைதானே, அது என்ன செய்துவிடப்போகிறது என்று கேட்காதீர்கள். மூட்டையில் கிடக்கிறவரை அது பரம சாது. தூளாகிக் காற்றில் பறக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், அறை வெடிக்கும். அந்த முதல் வெடி சின்னதாகத்தான் இருக்கும். அந்த அதிர்ச்சியில் உத்தரத்து மேலும் குழாய் மேலும் மாதக்கணக்கில் படிந்து கிடக்கிற தூளெல்லாம் கொட்டும் பாருங்கள், அடுத்து வெடிப்பது அதுதான். அப்போது கூரையும் இருக்காது, கீழே நிற்கிற ஆளும் இருக்க மாட்டான்.

அதனால் அந்த அறையில் உத்தரம், குழாய், வயர் போகிற தட்டு எல்லாவற்றுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். தூள் படிந்து பச்சை மறைந்தால் எல்லா வேலையும் நிற்க வேண்டும். சாரம் நிறுத்தி, மேலேயிருந்து கீழாக, தூள் உறிஞ்சும் மெஷினை வைத்து உறிஞ்ச வேண்டும். அதுவும் சாதாரண மெஷின் இல்லை, பொறி கிளம்பாத மெஷின், தரையோடு ஒரு எர்த் வயரைக் கோர்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். உறிஞ்சி முடித்து ஈரத்துணி, அதற்குப் பிறகு காய்ந்த துணி. எல்லாம் முடிந்ததும் மேலாளர் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பச்சை தெரியுதாக்கா?"

"தெரியுது சார்."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நம்பி அரைக்கிற மெஷின் ஓடும், அந்த ஒரு சொல்லை நம்பி வெல்டர் உள்ளே வருவார். ஏறிப் பார்ப்பது கிடையாது. ஈரத்துணி சொல்லிவிட்டாள் என்றால் சொன்னதுதான், மறுபேச்சு இல்லை.

செய்யவே கூடாத காரியம் ஒன்று இருந்தது. மெக்கானிக்குகள் மெஷினின் உள்பாகங்களை வெளியே கொண்டுபோய் ஊதுவதற்குக் காற்றுக்குழாய் வைத்திருப்பார்கள். அதை எடுத்து உத்தரத்து மேல் ஒரு பிடி பிடித்தால் நிமிஷத்தில் தூள் காணாமல் போகும். காணாமல் எங்கே போகும்? பறந்து இன்னொரு இடத்தில் போய் உட்காரும், பறக்கிற நேரத்தில் பொறி பட்டால் அத்தோடு கதை முடிந்தது. போன மாதம் ஒல்லி இதைத்தான் செய்தாள். ஒல்லி என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பெண், காற்றடித்தால் அவளே பறந்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். காற்றுக்குழாயும் கையுமாக அவளைப் பிடித்தது ஈரத்துணிதான்.

"பள்ளிக்கூடம் விட்டுருச்சுக்கா. பாப்பா கேட்டுல தனியா நிக்கும். இன்னைக்கு ஒரு நாள்தான்க்கா" என்று ஒல்லி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வெடிக்கிறதுக்கும் ஒரு நாள் போதும்டி" என்று சொல்லிவிட்டு ஈரத்துணி நேரே மேலாளரிடம் போனாள். அன்றைக்கே ஒல்லியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னது சரியான சொல்தான், அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. அதை எவ்வளவு ருசித்துச் சொன்னாள் என்பதுதான் பிறகு அவளைப் போட்டு வதைத்தது.

அந்த அறையின் கூம்புத் தொட்டியைத் தாங்குகிற இரும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. கழற்றி வெளியே கொண்டுபோக வழியில்லை, அங்கேயே வைத்துத்தான் வெல்டிங் அடிக்க வேண்டும். அதற்காக அறையை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, ஈரத்துணியின் கூட்டம் காலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்தது. சாயங்காலம் ஆனபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூலை. பெரிய குழாய்க்குப் பின்னால் போகிற உத்தரம். அங்கே மெஷினின் நீளக்குழாய் எட்டவில்லை. சாரத்தைப் பிரித்து அந்தப் பக்கம் நகர்த்தி மறுபடி கட்டினால் எட்டும். கட்டி முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும்.

அன்றைக்கென்று பார்த்து அவள் வீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிறார்கள். கல்யாணம் ஆனபிறகு சேர்ந்து வருவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில். மீனை வாங்கிக் கழுவிக்கூட வைக்கவில்லை. மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்க, மாமியார் சர்க்கரை மூட்டை மாதிரி போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

"நீங்க போய்க் கை கால் கழுவுங்கடி, நான் ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்று மற்றவர்களை அனுப்பினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று, தப்பில்லாத காரியத்துக்கு யாரும் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை. மெக்கானிக் மாட்டி வைத்திருந்த காற்றுக்குழாயை எடுத்தாள். சாரத்தில் ஏறி, குழாய்க்குப் பின்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அம்மாடி! அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. உதட்டில் இனித்தது. அந்த இனிப்பை அவள் எச்சிலோடு துப்பினாள், மறுபடி இனித்தது. தூள் அடங்கும்வரை அசையாமல் நின்றாள், பிறகு இறங்கி, கைக்கு எட்டிய இடத்தையெல்லாம் அவசர அவசரமாகத் துடைத்தாள். கீழே நின்று அண்ணாந்தால் உத்தரத்தின் அடிப்பக்கம் பச்சைப் பசேலென்று இருந்தது. மேல்பக்கத்தைக் கீழேயிருந்து யார் பார்க்க முடியும்?

மேலாளர் வாசலுக்கு வந்தார். "பச்சை தெரியுதாக்கா?"

"தெரியுது சார்" என்றாள். பச்சைப் பொய். வாய் கூசவில்லை, அதுதான் அவளுக்கே அதிசயம்.

வீட்டில் மீன் மணக்க மணக்க எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர், அதே ஆலையில் வெல்டர். ஒரு குறை, சாப்பாட்டில் கை வைத்தால் பேச்சை நிறுத்தத் தெரியாது. இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அத்தை, உங்க உடுப்பை எறும்பு தூக்கிட்டுப் போகுது பாருங்க!"

திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வந்ததும் வாளியில் ஊறப் போடுவாள். அவசரத்தில் கொடியில் வீசியிருந்தாள். சட்டை கறுப்பாகத் தெரிந்தது, அத்தனை எறும்பு.

"எப்பவும் உங்க மேல இவ்வளவு தூள் இருக்காதே அத்தை. நீங்கதான் எல்லாத்தையும் உறிஞ்சிருவீங்களே" என்றார் அவர், கபடமில்லாமல்.

"மூட்டை ஒண்ணு பிரிஞ்சிருச்சு மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுங்க" என்று இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு அந்தக் கூம்பு வெல்டிங் யாருக்குன்னு நினைக்கிறீங்க? எனக்குத்தான். அந்த ரூமுக்குள்ள போகவே மத்த வெல்டர் பயப்படுறான். எங்க அத்தை துடைச்ச இடம்டா, அங்க பாய் விரிச்சுப் படுத்தே வெல்டிங் அடிப்பேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மகள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "பெருமையைப் பாரு! ஆனா நிஜம்தாம்மா. நீ அங்க இருக்கேன்னுதான் நான் இவரை நிம்மதியா அனுப்புறேன்."

ஈரத்துணி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. மாப்பிள்ளை, மேல தூள் இருக்கு. மாப்பிள்ளை முன்னால் எப்படிச் சொல்வாள்? ஒல்லியை அழ அழ அனுப்பிய வாயால் எப்படிச் சொல்வாள்? விடியட்டும், முதல் ஆளாய்ப் போய், சாரத்தைக் கட்டி, யாருக்கும் தெரியாமல் உறிஞ்சித் துடைத்துவிடலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். உங்களுக்காகத்தான் சாமி சீக்கிரம் வந்தேன், உங்களுக்குச் சோறு போடத்தான் அப்படிச் செய்தேன் என்று மனசுக்குள் அவரிடம் மன்றாடினாள். அவர் விரலை நக்கிக்கொண்டு, "அத்தை, மீன் பிரமாதம்" என்றார்.

பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் உதட்டில் இனித்தது. இருட்டு பிரியும்போதே கிளம்பினாள். போகிற வழியெல்லாம், சாரம் அங்கேயே இருக்கும், மெஷின் அங்கேயே இருக்கும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

போய்ப் பார்த்தால் சாரத்தைக் காணோம். பக்கத்துக் கூடத்துக்கு வேண்டும் என்று பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுகூடப் போகட்டும், வெல்டிங்கைச் சீக்கிரம் முடித்தால் மெஷினைச் சீக்கிரம் ஓட்டலாம் என்று மேலாளர் ஆட்களை முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார். அவளுக்கும் முன்னால் எல்லோரும் வந்து நின்றார்கள். தீப்பிடித்தால் அணைக்கிற ஆள் தண்ணீர்க்குழாயோடு தயார். மாப்பிள்ளை ஏணியில் ஏறி, தொட்டிக்கு அடியில் வெல்டிங் வயரை இரும்பில் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே அந்த உத்தரம், அடிப்பக்கம் பளபளவென்று.

"வாங்கத்தை!" என்று அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டு முகமூடியை இழுத்து மூடினார்.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! பச்சை தெரியல! பச்சை தெரியல!"

அந்த ஆலையில் அந்த வார்த்தையைக் கேட்டால் எவனும் எதையும் தொடக்கூடாது. மாப்பிள்ளை கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மெயின் சுவிட்சை யாரோ அணைத்தார்கள். மேலாளர் நீள ஏணி கொண்டுவரச் சொல்லி, தானே ஏறி, உத்தரத்தின் மேல் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் மாவில் தோய்த்தது போல வந்தது. குழாய் மேல், வயர்த் தட்டு மேல், விளக்கு மூடி மேல், எல்லா இடத்திலும் வெள்ளை. இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு பொறி... ஒரு பொறி போதும்" என்றார்.

மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தான். "இது ஒல்லி வேலை சார். போன மாசம் ஊதினாளே, அதெல்லாம் குழாய்க்குப் பின்னாடி ஏறி உக்காந்திருந்திருக்கு. நல்லவேளை, அக்கா கண்ணுல பட்டுச்சு."

"அந்தப் பொம்பளை நம்ம எல்லாரையும் கொன்னிருப்பா" என்றான் அணைக்கிற ஆள். ஆளாளுக்கு ஒல்லியைக் கரித்துக்கொட்டினார்கள். போனவள்தானே, திட்டினால் திருப்பியா கேட்கப்போகிறாள்?

ஈரத்துணி வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை பிழைத்துவிட்டார், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. பாவி, அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு முழுக்க அவள் துடைத்த மாதிரி யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். சாரத்தை மறுபடி கட்டி, குழாய்க்குப் பின்னால் தோள் நுழையாத இடத்தில் தோளை நுழைத்து, வயரைக் கோர்த்து உறிஞ்சி, இண்டு இடுக்கில் மெல்லிய தூரிகையால் ஒதுக்கி, ஈரத்துணி வைத்து, காய்ந்த துணி வைத்து, மறுபடி ஈரத்துணி வைத்தாள். உடன் வேலை செய்தவர்கள், "அக்கா, பெயிண்டே கழண்டு வரப்போகுது" என்றார்கள். அவளுக்குக் காதில் விழவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை பத்துப் பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "எங்க அத்தை கண்ணு இருக்கே, அது கண்ணு! கீழ நின்னே மேல இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வைத்திருந்த போனில் மகள் கூப்பிட்டாள். விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது. "அம்மா... அம்மா..." என்று அழுகையைத் தவிர வேறு சொல் வரவில்லை. கடைசியில், "யாரும்மா அந்த ஒல்லி? அவளுக்கு நல்ல சாவே வராது" என்றாள்.

அந்தச் சாபம் அவள் நெஞ்சில் அப்படியே இறங்கியது. போனை வைத்துவிட்டு நேரே மாப்பிள்ளையிடம் வந்தாள். அவர் அவள் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார், நேற்று மிஞ்சிய மீன்.

"மாப்பிள்ளை, அது ஒல்லி ஊதினதில்ல. நான் ஊதினது."

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து சாயங்காலம். நீங்க சாப்பிட வரீங்கன்னு அவசரப்பட்டேன். ஒரு மூலைதானேன்னு... என் சட்டையில எறும்பு பார்த்தீங்களே, அது அந்தத் தூள்தான். மூட்டை பிரிஞ்சுதுன்னு சொன்னது பொய்."

அக்கம்பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. மாப்பிள்ளை டப்பாவை மூடினார். ரொம்ப மெதுவாக மூடினார்.

"தெரிஞ்சுதான் எனக்குச் சோறு போட்டீங்களா அத்தை?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அவர் ஒரு சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மேலாளரிடமும் அவளே போய்ச் சொன்னாள். "வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா இந்நேரம் வெளியில நிப்பாங்க. நீங்களாச்சே... நீங்களே வந்து சொன்னீங்க. விடுங்கக்கா, வெளியில தெரிய வேண்டாம்" என்றார்.

"ஒல்லியும் அழுதா சார். அவளை விடலையே நாம. அவ பிள்ளைக்காக அவசரப்பட்டா, நான் மீனுக்காக அவசரப்பட்டேன். அவளைக் கூப்பிடுங்க. மேஸ்திரி வேலையை அவளுக்குக் கொடுங்க. என்னை வச்சுக்கிறதா இருந்தா அவளுக்குக் கீழ வைங்க, இல்லேன்னா அனுப்பிடுங்க."

ஒல்லியைக் கூப்பிட அவளே போனாள். ஒல்லி கதவைப் பாதி திறந்து, முழுக்கதையையும் நிலைப்படியில் நின்றே கேட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கடைசியில், "வெடிக்கிறதுக்கு ஒரு நாள் போதும்னு சொன்னீங்களேக்கா" என்றாள். அதில் நக்கல் இல்லை, அழுகையும் இல்லை. ஈரத்துணி தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னேன்" என்றாள்.

ஒல்லி மேஸ்திரியாக வந்துவிட்டாள், ஈரத்துணி அவளுக்குக் கீழே. வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. மாப்பிள்ளையும் அத்தை வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, மகளுக்காக வருகிறார், மரியாதையாகப் பேசுகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். இரண்டாவது தடவை சோறு கேட்பதில்லை. அந்தக் கூம்புக்கு வெல்டிங் அடிக்க வந்த அன்று, ஒரு வார்த்தை பேசாமல், நீள ஏணியைப் போட்டு உத்தரத்துக்கு மேலே ஏறினார். விரலை இழுத்துப் பார்த்தார், விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், பிறகுதான் முகமூடியை எடுத்தார். கீழே துணியும் வாளியுமாக நின்ற மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கட்டும், நன்றாகத் தேய்த்துப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த தடவை அறையைத் துடைத்து முடித்தபோது அவள் சாரத்தின் உச்சியில் இருந்தாள். ஒல்லி வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பச்சை தெரியுதாக்கா?"

அவள் உத்தரத்தைப் பார்த்தாள். தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சை, கைரேகைகூட இல்லாத பச்சை. தெரியுது என்று சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சாரத்தில் சாய்த்திருந்த ஏணியை ஒல்லி பக்கம் நகர்த்தி, மேலேயிருந்தே பிடித்துக்கொண்டாள்.

"ஏறி வந்து நீயே பாருடி" என்றாள்.